தொங்கும் படி காலை வாருவது ஏன்?

சுவரில் சாய்த்துவைத்த மூங்கில் ஏணியில் ஏறும் ஒருவர், நடுப்படியில் நின்றுகொண்டு இரு கைகளையும் விட்டுவிட்டு ஒட்டடை அடிக்கிறார், விளக்கு மாட்டுகிறார். அதே மனிதர் நூலேணியில் காலை வைத்த மறுகணம் படி முன்னோக்கி ஓடுகிறது, முதுகு பின்னோக்கிச் சரிகிறது, மூன்றாவது படியை எட்டுவதற்குள் முன்னங்கை கடுக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நூலேணியின் கயிறு அவரைப் போல் பத்துப் பேரைத் தாங்கும் என்று எடுத்துச் சொன்னாலும் நடுக்கம் குறைவதில்லை. வலுவில் எந்தக் குறையும் இல்லாத ஒரு பொருள், நிற்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட மிகப் பொருத்தமான கருவி ஒன்று வட அமெரிக்காவின் மான் வேட்டைக்காரர்களிடம் இருக்கிறது. உள்ளங்கையில் சுருட்டி அடக்கிவிடக்கூடிய, இரண்டே படிகள் கொண்ட, பலரும் வீட்டிலேயே முடிந்துகொள்ளும் ஒரு நைலான் ஏணி அது. அதில் இருப்பவை மூன்று முடிச்சுகளும் ஏறத்தாழ நான்கு மீட்டர் நாடாவும் மட்டுமே என்பதால், தொங்கும் ஏணிகளின் இயல்பு முழுவதையும் அதில் மறைவின்றிப் பார்க்க முடிகிறது.

பரணும் ஏறுகோலும்

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பரவலாக வாழும் வெண்வால் மான், தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் தன்னைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதியைத் தலை திருப்பாமலே பார்த்துவிடும். மோப்பமோ பார்வையையும் விஞ்சியது. வில்லோடு காத்திருப்பவர் அந்த மானை இருபது, முப்பது மீட்டர் தொலைவுக்குள் வரவழைத்தாக வேண்டும் என்பதால், அதன் பார்வை மட்டத்திலிருந்து விலகி, தரையிலிருந்து ஐந்து முதல் ஏழு மீட்டர் உயரத்தில் மரத்தோடு மரமாக உட்கார்ந்துகொள்கிறார். தினைப்புனம் காத்தவர்களின் பரணை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிய ஏற்பாடாகத் தோன்றாது. ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாகிவிட்டது, அங்கோ அது உரிமமும் பருவமும் வகுக்கப்பட்டு நடைபெறுகிறது.

பரணை அடைய முன்பெல்லாம் மரத்தில் ஆணி அடித்தார்கள், திருகுப் படிகளை முறுக்கி ஏற்றினார்கள். இரும்பு துளைத்த இடம் மரத்துக்குப் புண்ணாகும், பின்னாளில் அறுப்பவரின் வாளுக்கும் கேடாகும் என்பதால், பல மாநிலங்கள் பொதுநிலங்களில் இவற்றைத் தடைசெய்துவிட்டன. அந்த இடத்தைப் பிடித்ததுதான் ஏறுகோல்: அலுமினியத் தண்டு ஒன்றில் மேலும் கீழுமாகப் படிகள் பொருத்தப்பட்டிருக்கும், அதை வாரினால் மரத்தோடு இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஏறி நின்று அடுத்த கோலைக் கட்ட வேண்டும்.

ஒரு கோலின் இரு படிகளுக்கு இடையே 50 செ.மீ., ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடையே 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கோலும் மனிதரை 95 செ.மீ. உயர்த்துகிறது, ஐந்தரை மீட்டரைத் தாண்ட ஆறு கோல்கள் தேவை. ஒவ்வொன்றும் ஒரு கிலோவை ஒட்டிய எடை உடையது, ஒன்றோடொன்று உரசினால் காடு முழுக்கக் கேட்கும். கோலின் அடிப்படியிலிருந்து, 45 செ.மீ. இடைவெளியில் இரு படிகள் கொண்ட துணி ஏணி ஒன்றைத் தொங்கவிட்டாலோ, ஒரு கோல் தரும் உயரம் 185 செ.மீ. ஆகிவிடுகிறது, மூன்று கோல்களே 555 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிவிடும். சுமை பாதியாகிறது, ஓசையும் குறைகிறது. அந்தத் துணி ஏணியை இந்த அத்தியாயம் நாடாப்படி என்று அழைக்கும்.

நாடாப்படி வேட்டைக்காரர்களின் கண்டுபிடிப்பு அன்று, பாறையேறிகளிடமிருந்து வந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு வழங்கும் 'எத்ரியே' என்ற சொல்லுக்குக் குதிரைச் சேணத்தின் அங்கவடி என்று பொருள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் செங்குத்தாக நிற்கும் எல் கேப்டன் பாறையை 1958-இல் வாரன் ஹார்டிங், வேய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் ஆகிய மூவர் முதன்முதலாக ஏறி முடித்தபோது, பிடிப்பில்லாத இடங்களில் பாறைப் பிளவில் ஆணியை அறைந்து, அதில் தொங்கவிட்ட இத்தகைய படிகளில் நின்றுதான் மேலே சென்றார்கள். அதே பள்ளத்தாக்கின் பாறையேறியான டாம் ஃப்ராஸ்டின் பெயரால் வழங்கும் முடிச்சு ஒன்று இன்றும் நாடாப்படியின் தலைக்கண்ணியை அமைக்கப் பயன்படுகிறது.

நாடா எவ்வளவு தாங்கும்?

நாடாக் கட்டிலில் படுத்தவருக்கும் காரில் இருக்கைப் பட்டை அணிந்தவருக்கும் இந்தப் பொருள் பழக்கமானதே. 1935-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கிய நைலான், இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டுக்குப் போய், பிறகு பாறையேறிகளின் கைக்கு வந்தது. இன்று அவர்கள் பயன்படுத்தும் ஓர் அங்குல அகலக் குழல் நாடா, அதாவது தட்டையாக அழுத்தப்பட்ட குழாய்போல் நெய்யப்பட்ட நாடா, ஏறத்தாழ 1,800 கிலோ எடையில்தான் அறும். (இழுவிசையை அதற்குரிய அலகில் சொல்லாமல், அத்தனை கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம் என்ற பொருளில் கிலோவிலேயே சொல்வது இங்கே போதுமானது.)

முடிச்சு இந்த வலுவைக் குறைக்கிறது. நேராக இழுக்கப்படும் நாடாவில் எல்லா இழைகளும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. முடிச்சில் நாடா வளையும்போது வளைவின் வெளிப்புற இழைகள் கூடுதலாக நீண்டு சுமையைத் தாங்க, உட்புற இழைகள் சும்மா கிடக்கின்றன. உழைப்பவை முதலில் அறும், எஞ்சியவற்றின்மேல் சுமை இறங்கும். இப்படி மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வலு போய்விடுகிறது என்று கொண்டு, தாராளமாக 40 சதவீதத்தைக் கழித்தாலும் 1,080 கிலோ மிஞ்சுகிறது. மழையில் நனைந்த நைலான் தண்ணீரை உறிஞ்சி மேலும் பத்தில் ஒரு பங்கு வரை இழக்கலாம். குளிரங்கியும் வில்லும் பையும் சேர்த்து 80 கிலோ எடையுள்ள மனிதர் துள்ளி ஏறும்போது 120 கிலோவாக அழுத்தினாலும் எட்டு மடங்கு மிச்சம் இருக்கிறது. ஆகவே காலின் கீழ் நாடா அறுந்துவிடுமோ என்ற அச்சம், தரமான நாடாவையும் ஒழுங்கான முடிச்சையும் பொறுத்தவரை, தவறான இடத்தைப் பார்க்கும் அச்சம்.

இந்தக் கணக்கு நைலானுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்கலாகாது. வன்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் நாடா பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் வலுக் குறைந்தது, வெயிலில் விரைவில் நைந்து பொடியாவது. சாமான் கட்ட மட்டுமே அது ஆகும். மனிதர் நிற்பதற்கு அதை எடுப்பது சிக்கனம் ஆகாது.

மூன்று முடிச்சுகள்

இரு படிகள் கொண்ட நாடாப்படிக்கு மூன்றரை மீட்டர் வரை செலவாகும். நான்கு மீட்டராக வாங்குவது நல்லது, ஏனெனில் முடிச்சு விழுங்கும் நீளத்தை முதன்முறை முடிபவர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார். ஒரு முடிச்சை முடிவதற்கு முன்னும் பின்னும் அளந்துபார்த்து, அந்த வித்தியாசத்தைக் கொண்டு மொத்தக் கணக்கைப் போடுவதே பிசகாத வழி. வெட்டிய முனைகளைச் சுடரில் காட்டி உருக்கிவிட்டால் நெசவு பிரியாது.

நாடாவை நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து சற்றுக் கீழே இரு இழைகளையும் சேர்த்துச் சாதாரண ஒற்றை முடிச்சு போட்டால், மேலே ஒரு சிறு கண்ணி கிடைக்கிறது. கோலின் அடிப்படியைச் சுற்றி இந்தக் கண்ணியைக் கொடுத்து, ஏணி முழுவதையும் அதன் வழியாக நுழைத்து இழுத்தால் அது சுருக்குப் போல இறுகிக்கொள்ளும். அங்கே உலோக விளிம்பு கூராக இருந்தால் முன்னரே அரம் போட்டு மழுக்கிவிட வேண்டும், ஏனெனில் சுமையைத் தாங்கும் நாடாவைக் கூர்விளிம்பு போல விரைவாகக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

முதல் முடிச்சிலிருந்து 45 செ.மீ. கீழே இரண்டாவது ஒற்றை முடிச்சு வருகிறது. இங்கேதான் கைத்திறன் வேண்டும். இரு இழைகளும் ஒரே நீளமாக இருந்தால், சுமை ஏறியதும் இரண்டும் விறைத்து ஒட்டிக்கொள்ளும், பூட்ஸ் காலை இடையில் நுழைக்கவே முடியாது. ஓர் இழையை மற்றதைவிட ஐந்து முதல் ஏழு செ.மீ. நீளமாக விட்டு முடிந்தால், குறுகிய இழை முதுகெலும்பாக நின்று சுமையைக் கீழே கடத்த, நீண்ட இழை புடைத்துக்கொண்டு காலுக்கு வாய் திறக்கிறது. மீதி இரு முனைகளையும் கீழே ஒன்றோடொன்று இணைத்தால் இரண்டாவது படி உருவாகும்.

இணைப்பதற்குப் பயன்படுவது நாடா முடிச்சு: ஒரு முனையில் தளர்வாக ஒற்றை முடிச்சு போட்டு, மற்ற முனையை எதிர்த்திசையிலிருந்து அதன் தடத்திலேயே, எங்கும் முறுக்கிக்கொள்ளாமல், இணையாகச் செலுத்திவர வேண்டும். எளிமையும் அழகும் சேர்ந்த இந்த முடிச்சுக்கு ஒரு தீய குணம் உண்டு. சுமை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் முனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே நகர்கின்றன. ஒரே பெருஞ்சுமையை அசையாமல் தாங்கும் முடிச்சு, நூற்றுக்கணக்கான சிறு மிதிப்புகளில் தானாக அவிழ்ந்துவிடக்கூடும். ஏணிப்படி என்பதே மிதித்து எடுத்து மிதிக்கும் பொருள் என்பதால், இந்த நகர்வுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. அதனால்தான் முடிச்சை உடல் எடையால் நன்றாக இறுக்கியபின் எட்டு செ.மீ.க்குக் குறையாத வால்களை விட்டுவைப்பதும், ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னும் அந்த வால்களின் நீளத்தைப் பார்ப்பதும் வழக்கம்.

80 கிலோ மனிதரின் கணக்கு

இனி புதிருக்கு வரலாம். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய இடத்தை எடைமையம் என்கிறோம். நிற்கும் மனிதரில் அது ஏறத்தாழத் தொப்புளின் உயரத்தில் உடலுக்குள் இருக்கிறது. எடைமையத்துக்கு நேர்கீழே பாதம் இருந்தால் கைகளுக்கு வேலையில்லை. சாய்ந்த ஏணி செய்வது இதைத்தான்: நான்கடி உயரத்துக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் அடியை வெளியே தள்ளி வைப்பதால், ஏறுபவரின் பாதம் எப்போதும் அவருடைய எடைமையத்துக்கு அடியிலேயே வந்து நிற்கிறது.

செங்குத்தான மரத்தில் அந்தச் சலுகை இல்லை. நாடாப்படியில் நிற்பவரின் பாதம் மரத்தை ஒட்டியிருக்க, வயிறும் மார்பும் மரத்துக்குள் புக முடியாத காரணத்தால் எடைமையம் பாதத்தைவிட 20 செ.மீ. வெளியே தள்ளி நிற்பதாகக் கொள்வோம். பாதத்தை அச்சாகக் கொண்டு எடை அவரைப் பின்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. இப்படிச் சுழற்றும் ஆற்றலுக்குத் திருப்புத்திறன் என்று பெயர். விசையையும், அச்சிலிருந்து அது தள்ளியிருக்கும் தொலைவையும் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். கதவைக் கீலுக்கு அருகே தள்ளுவது கடினமாகவும் கைப்பிடியருகே தள்ளுவது எளிதாகவும் இருப்பது இதனால்தான். கவிழ்ப்பது 80 கிலோ, 20 செ.மீ. தொலைவில், தடுப்பது, பாதத்துக்கு மேல் 130 செ.மீ. உயரத்தில் மரத்தைப் பற்றியிருக்கும் கை. 80-ஐ 20-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால், கை 12 கிலோவுக்குச் சற்று அதிகமான விசையோடு இழுத்தால் போதும் என்று தெரிகிறது. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறுபவருக்கும் இதே 12 கிலோதான். அதைப் பெரும்பாலோர் தாங்குவார்கள்.

நாடாப்படியின் தொல்லை இதற்கடுத்த அடியில் தொடங்குகிறது. கை மரத்தை இழுப்பதால் உடல் மரத்தை நோக்கி 12 கிலோ விசையோடு இழுக்கப்படுகிறது. அதற்கு ஈடாகப் பாதத்தை யாராவது வெளிப்புறமாகத் தள்ளியாக வேண்டும். இரும்புப் படி அசையாது நின்று அந்த வேலையைச் செய்கிறது. நாடாவுக்கோ நிமிர்ந்து நிற்கத் தெரியாது. அது சாய்ந்தால் மட்டுமே பக்கவாட்டில் இழுக்க முடியும். எனவே பாதம் முன்னோக்கி ஓடி, நாடா போதிய அளவு சாய்ந்தபின் நிற்கிறது. தடுக்க மரம் ஏதும் இல்லையென்று ஒரு கணம் கற்பனை செய்தால், 45 செ.மீ. நீளத்தில் தொங்கும் மேல்படி 7 செ.மீ. முன்னே போக வேண்டும், 90 செ.மீ. நீளத்தில் தொங்கும் கீழ்ப்படி 14 செ.மீ. போக வேண்டும்.

கணக்கு அதோடு முடிவதில்லை. பாதம் 7 செ.மீ. முன்னே போனதும், எடைமையத்துக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 20-லிருந்து 27 ஆகிவிடுகிறது. கை இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பு பாதத்தை இன்னும் முன்னே அனுப்புகிறது. நச்சுச் சுழல்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் குறைந்துகொண்டே போனால் ஓரிடத்தில் அடங்கும். மேல்படியில் அது ஏறத்தாழ 11 செ.மீ.யில் அடங்கிவிடுகிறது. கீழ்ப்படியிலோ 45 செ.மீ. போன பிறகே அடங்குகிறது. நீளம் இரட்டித்ததற்கு ஓட்டம் நான்கு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. இத்தனை சாய்வில் இக்கணக்கு தோராயமானதே என்றாலும் திசை ஐயத்துக்கு இடமற்றது.

மூன்றாவது படி ஒன்றைச் சேர்த்துவிட்டால் நீளம் 135 செ.மீ. ஆகி, நாடா தொங்கும் புள்ளியும் கை பற்றியிருக்கும் இடமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. அப்போது சுழல் எங்கும் அடங்குவதில்லை. காரணத்தைக் கணக்கின்றியே காணலாம்: கையும் காலும் ஒரே இடத்திலிருந்து தொங்குமானால் மனிதர் முழுவதும் ஓர் ஊசற்குண்டு, ஊசற்குண்டோ தான் தொங்கும் புள்ளிக்கு நேர்கீழே வராமல் ஓய்வதில்லை. நூலேணியில் ஏறுபவரின் முதுகு சரிவதும் கால் ஓடுவதும், அவருடைய எடைமையம் தனக்குரிய அந்த இடத்தைத் தேடிப் போவதன்றி வேறில்லை.

மரம் தரும் உதவி

நல்லவேளையாக, வேட்டைக்காரரின் ஏணிக்குப் பின்னால் மரம் இருக்கிறது. பூட்ஸின் முனை மரப்பட்டையில் முட்டும் அளவுக்குக் காலை நுழைத்துவிட்டால், வெளிப்புறமாகத் தள்ள வேண்டிய அந்த 12 கிலோவை மரமே தந்துவிடுகிறது, நாடாப்படி இரும்புப் படியின் நிலைமைக்கு உயர்கிறது. காலின் முனை வழுக்கி விலகும் கணத்தில் மேலே சொன்ன சுழல் தொடங்குகிறது. சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடிப்புறத்தில் ஏறுவது ஏன் கூடாது என்பதும் இதிலிருந்தே தெளிவாகும்: அங்கே நாடா மரத்திலிருந்து விலகித் தொங்குகிறது, முட்டிக்கொள்ள மரம் எட்டுவதில்லை. முதுகுபோல மேல்நோக்கியிருக்கும் பக்கமாக ஏறினால், அதே மரம் சாய்ந்த ஏணியாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பனையேறி காலில் மாட்டும் தளைநார் பார்வைக்கு இதன் உறவுபோலத் தோன்றினாலும் அதன் இயக்கம் நேர்மாறானது. தளை எதிலிருந்தும் தொங்குவதில்லை. இரு பாதங்களையும் பிணைத்து, அவை மரத்தை இறுகக் கவ்வும்படி செய்கிறது, எடையைத் தாங்குவது உராய்வு. பாதம் மரத்தோடு ஒட்டியிருக்கும்வரை எல்லாம் நலம் என்ற விதி மட்டும் இரண்டுக்கும் பொது.

கைக்குரிய வேலையை வேறொன்றிடம் ஒப்படைப்பதும் உண்டு. மின்கம்பத் தொழிலாளர்கள்போல் இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கயிறு ஒன்றைப் போட்டுக்கொண்டால், பாதத்துக்கு மேல் 100 செ.மீ. உயரத்தில் அது 16 கிலோ விசையோடு இடுப்பை மரத்தை நோக்கிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கைகளும் விடுபட்டு, அடுத்த கோலைக் கட்டும் வேலைக்கு வருகின்றன.

நிற்பதற்கானது பிடிப்பதற்கு ஆகாது

எட்டு மடங்கு மிச்ச வலு இருக்கிறதே, அதே நாடாவில் ஒரு துண்டை இடுப்பில் கட்டி மேலே மாட்டிக்கொண்டால் விழும்போது பிடிக்காதா என்று தோன்றலாம். பெரும் பிழைகள் பிறப்பது இந்த எண்ணத்தில்தான். ஒரு மீட்டருக்கும் குறைவான நாடாத் துண்டோடு 80 கிலோ மனிதர் 60 செ.மீ. விழுந்து, நாடா 6 செ.மீ. நீண்டு அவரை நிறுத்துகிறது என்று கொள்வோம். 66 செ.மீ. வீழ்ச்சியில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் 6 செ.மீ. தொலைவுக்குள் செலவாக வேண்டும் என்பதால், நிறுத்தும் விசை சராசரியாக எடையைப் போல் 11 மடங்கு, அதாவது 880 கிலோ. நீள நீள இறுக்கம் கூடும் இயல்புள்ள பொருளில் உச்ச விசை சராசரியின் இரு மடங்கை நெருங்கும். முடிச்சிட்ட நாடாவின் 1,080 கிலோ அங்கேயே கடந்துவிட்டது. அறாமல் தாங்கினாலும் இடுப்பு தாங்காது. உண்மையில் உடலின் நெகிழ்வும் பட்டைகளின் தளர்வும் அதிர்ச்சியை ஓரளவு தணிக்கும், எனினும் அந்தத் தணிவை நம்பி ஏறுவது அறிவுடைமை அன்று.

ஆகவே உயிரைப் பிடிக்கும் வேலை, தொழிற்சாலையில் சோதித்துத் தைத்த முழு உடற்பட்டைக்கும் தலைக்கு மேலே கட்டிய தனிக் கயிற்றுக்கும் உரியது. அந்தக் கயிற்றைத் தொய்வின்றி வைத்திருந்தால் விழுவதற்கே இடமில்லை. கால் சட்டென நழுவினாலும் கயிற்றில் ஏறும் விசை எடையின் இரு மடங்கை ஒட்டியே இருக்கும். மான் வேட்டையில் நேரும் காயங்களில் பரணிலிருந்து விழுவது முன்னணிக் காரணங்களில் ஒன்று என்பதால், அங்குள்ள வேட்டைப் பயிற்சிகள் இதைத் தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே மாட்டச் சொல்கின்றன.

இருட்டில் இறங்குதல்

ஏறும்போது படி கண்ணெதிரே இருக்கிறது. இறங்கும்போதோ பொழுது சாய்ந்திருக்கும், விரல்கள் குளிரில் மரத்திருக்கும், தடித்த பூட்ஸின் அடியில் 45 செ.மீ. கீழே தொங்கும் ஒரு துணி வாயைக் கால் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மழையில் நனைந்து உறைந்த நைலான் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வாய் இருக்கும் இடமே தெரியாது. தண்ணீரை அதிகம் உறிஞ்சாத பாலியெஸ்டர் நாடாவைச் சிலர் தேர்ந்தெடுப்பது இதனால்தான். முடிச்சுக்கு எளிதில் வளையும் குழல் நாடாவை விட்டுவிட்டு, விறைப்பான தட்டை நாடாவை விரும்புவோரின் காரணமும் இதுவே. நாடாவை முடிவதற்கு முன்பே, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி, கால் படும் பகுதியில் கோத்துவிடுவது இன்னொரு வழி. படி எப்போதும் அகலத் திறந்து நிற்கும், உள்ளங்காலில் நாடா அறுப்பதும் குறையும், இருட்டில் துழாவும் பூட்ஸ் முனைக்குத் தடுக்கென ஏதோ ஒன்று தட்டுப்படும்.